இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு கணக்கு

நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் 120.5 அடி விழும் இன்னொரு பாட்டை ஏற்றுகிறோம். முதல் அடி இரண்டுக்கும் ஒன்றாகவே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை அடிதானே வித்தியாசம், யாருக்குத் தெரியப்போகிறது? ஏழெட்டு வினாடியிலேயே தெரிந்துவிடும். அதற்குள் இரண்டு அடிக்கும் நடுவே 30 மில்லிவினாடி இடைவெளி விழுந்திருக்கும். ‘டம்’ என்று கேட்டது ‘டடம்’ என்று கேட்கத் தொடங்கும். ஒரு நிமிடம் அப்படியே விட்டால் ஒன்றின் அடி மற்றதன் இரண்டு அடிகளுக்குச் சரிநடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கால் தடுமாறும், அவ்வளவுதான்.

மலாக்காவில் பத்து பெரண்டாம், செங், டுரியான் துங்கல் பக்கத்து டேவான்களில் கல்யாண விருந்துக்குப் போகிறவர்கள் மேடை ஓரத்தில் மடிக்கணினியோடு நிற்கும் தம்பியைப் பார்த்திருப்பார்கள். ஒரு காதில் ஹெட்போன், மறுகாது கூட்டத்துக்கு. நல்ல பாட்டாகப் பொறுக்கிப் போடுவதுதான் அவர் வேலை என்று நாம் நினைக்கிறோம். அது பாதிதான். ஒரு பாட்டு கரையும்போது அடுத்தது அதன் தாளத்திலேயே முளைக்க வேண்டும். அந்தப் பதினைந்து இருபது வினாடியில் கணினிக்குள் நடப்பதைத்தான் இங்கே திறந்து பார்க்கப்போகிறோம். திறந்து பார்க்க முடிகிற மென்பொருள் ஒன்று இருப்பதால் இது சாத்தியமாகிறது.

அதற்கு முன் பழைய வழியைச் சொல்லிவிட வேண்டும். 1972இல் டெக்னிக்ஸ் நிறுவனம் எஸ்எல்-1200 என்ற இசைத்தட்டுச் சுழலியைக் கொண்டுவந்தது. 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில், தட்டின் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நீளமான தள்ளுவிசை இருந்தது. டிஜே கலையின் பாதி அந்தத் தள்ளுவிசையில்தான் பிறந்தது. ஹெட்போனில் அடுத்த பாட்டைக் கேட்டபடி, அரைக்கால் விழுக்காடு முன்னும் பின்னும் நகர்த்தி, விரல் நுனியால் தட்டை லேசாகத் தொட்டுத் தள்ளி இரண்டையும் ஒன்றாக ஓடவிடுவார்கள். கைவர வருடக்கணக்காகும். சுழலி இரண்டு, நடுவில் ஒரு மிக்சர், பெட்டி பெட்டியாகத் தட்டுகள். தோட்டத்துப் பையனுக்கு எட்டுகிற செலவா அது?

2001இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் டூ ஹாஸ்டே ஆண்டர்சன் என்ற ஆய்வு மாணவர், டிஜேக்கள் கணினியோடு எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஆராய ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார். பெயர் ‘மிக்ஸ்’, ஆங்கிலத்தில் எக்ஸ் மூன்று. ஆய்வு முடிந்த பிறகும் மென்பொருள் முடியவில்லை. ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டதால் வேறு நாடுகளின் நிரலாளர்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள், இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2.0 பதிப்பு 2015இன் கடைசி நாளில் வந்தது, 2.5 பதிப்பு 2024 டிசம்பரில். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டியதில்லை.

விலையில்லாதது என்பதில் நமக்கு ஆச்சரியம் குறைவுதான். பாசார் மாலாமில் விலை உயர்ந்த மென்பொருள்களின் நகல் சிடிக்களை ஐந்து பத்து வெள்ளிக்கு வாங்கிப் பழகிய தலைமுறை நாம். ஆனால் நகலைக் கொண்டு நிகழ்ச்சி நடத்துகிறவருக்கு இரவு பத்து மணிக்கு அது நின்றுவிட்டால் கேட்க ஆளில்லை, உள்ளே என்ன பிழை என்று பார்க்க வழியும் இல்லை. மிக்ஸின் மூலநிரல் முழுவதும் வெளியில் கிடக்கிறது. யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவருக்குக் கொடுக்கலாம். இது ஏன் முக்கியம் என்பது, நம்முடைய பாட்டுகளை அதற்குள் போட்டுப் பார்க்கும்போதுதான் புரியும்.

ஒரு பாட்டைச் சேர்த்ததும் அது முதலில் செய்வது அடி எண்ணுவது. சிடி தரத்தில் ஒரு வினாடி ஒலி என்பது இடப்பக்கத்துக்கு 44,100 எண்கள், வலப்பக்கத்துக்கு 44,100 எண்கள். அந்த எண்களில் எங்கும் ‘அடி’ என்று எழுதியிருக்காது. ஆகவே மென்பொருள் அவற்றைச் சில மில்லிவினாடி நீளத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சுருதி உயரத்தில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று அளக்கிறது. அடுத்தடுத்த துண்டுகளுக்கு நடுவே திடீர்த் தாவல் தெரிந்தால், அங்கே எதுவோ தட்டப்பட்டிருக்கிறது. இப்படிப் பாட்டு முழுக்க ஒரு மேடுபள்ள வரைபடம் கிடைக்கும். பிறகு நடப்பதுதான் அழகு: அந்த வரைபடத்தை அதன் நகல் ஒன்றின்மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பார்க்கிறது. எவ்வளவு தள்ளும்போது மேடுகள் மேடுகளோடு நன்றாகப் பொருந்துகின்றனவோ, அந்த அளவே ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள காலம். அரை வினாடியில் பொருந்தினால் நிமிடத்துக்கு 120. இந்த வேலைக்கு மிக்ஸ் பயன்படுத்துவது லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் இசை மையத்தில் உருவான நிரல். அதுவும் கட்டற்றதுதான்.

மேல்நாட்டு நடனப் பாட்டுகளில் இது அச்சுப் பிசகாமல் வேலை செய்யும். அவற்றில் ஒவ்வோர் அடியிலும் ஒரு கனத்த டிரம், கணினியே வாசித்தது, முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகம். மலேசிய உருமி மேளப் பதிவு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். உருமியின் ஒரு முகத்தைத் தட்டுவார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்ப்பில்தான் உருமியின் உயிர் இருக்கிறது. நமக்கு மயிர்க்கூச்செறிகிறது, சிலருக்கு அருளே வந்துவிடுகிறது. ஆனால் மென்பொருள் தேடுவது திடீர்த் தாவலை. ‘ஊம்ம்’ என்று வழுக்கி ஏறி இறங்கும் ஒலிக்கு எங்கே தொடக்கம், எங்கே முடிவு? வரைபடத்தில் மேடு எழும்ப வேண்டிய இடத்தில் சரிவுதான் இருக்கும். கூட அடிக்கிற தப்பும் ஜால்ராவும் காப்பாற்றினால் உண்டு.

குத்துப் பாட்டில் சிக்கல் வேறு மாதிரி. டப்பாங்குத்தில் ஓர் அடிக்குள் மூன்று சிற்றடிகள் ஓடும். தகிட, தகிட. கர்நாடக சங்கீதக்காரர்கள் திஸ்ர நடை என்பார்கள். கால் நிமிடத்துக்கு 100 முறை தரையைத் தட்டுகிறது என்றால் சிற்றடிகள் 300. மென்பொருளோ இரண்டு இரண்டாக, நான்கு நான்காகப் பிரித்தே பழக்கப்பட்டது. அந்த 300ஐ இரண்டிரண்டாகக் கட்டி ‘150’ என்று திரையில் எழுதிவிட வாய்ப்பு உண்டு. அந்த எண்ணை நம்பி 150 அடி வேகத்தில் ஓடும் வேறொரு பாட்டோடு இணைத்தால் டேவானில் ஒருவரும் ஆட முடியாது. திருத்தம் மிக எளிது. பாட்டின் பெயர்மேல் வலச்சொடுக்கு செய்தால் வேகத்தை இரட்டிக்கவும் பாதியாக்கவும் மட்டுமல்லாமல், மூன்றில் இரண்டாக்கவும், நான்கில் மூன்றாக்கவும், ஒன்றரை மடங்காக்கவும் கட்டளைகள் வரும். 150ஐ மூன்றில் இரண்டாக்கினால் 100. சதுஸ்ரத்தைத் திஸ்ரமாக்க மிருதங்க வித்துவான் தலைக்குள் போடும் கணக்கு இங்கே ஒரு சொடுக்கு.

இவை இரண்டையும்விடத் தொல்லையானது பழைய பாட்டு. மலேசியத் தமிழ் ராப் இசையில் யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பில் ‘மடை திறந்து’ பாட்டைப் புதிதாகத் தந்து தமிழ்நாட்டையும் கலக்கினார்கள். மூலப் பாட்டு 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா இசையமைத்தது. பழையதில் தொடங்கி நடுவில் புதியதுக்குத் தாவ எந்த டிஜேக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அந்தக் காலப் பாட்டுகள் பெரும்பாலும் வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தவை. கணினி சீக்குவென்சரெல்லாம் தமிழ்ப் படத்துக்குள் வந்தது எண்பதுகளின் நடுவில். சரணத்தில் ஒரு மூச்சு நிதானிப்பார்கள், வயலின்கள் எழும்பும்போது வேகம் ஒரு நூலிழை கூடும். காதுக்கு அது உயிர். மென்பொருளுக்கு அது பிழை.

ஏனென்றால் மிக்ஸின் அமைப்பில் ‘வேகம் மாறாது என்று கொள்’ என்றொரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் போட்டுவைக்கவே பரிந்துரைக்கிறார்கள். அப்போது பாட்டு முழுவதற்கும் சம இடைவெளியில் கோடுகள் விழும். சராசரி 120 என்று கோடு போட்டாயிற்று. பாட்டோ ஓரிடத்தில் 121இல் ஓடுகிறது. அரை நிமிடத்தில் கோடு அரை அடி விலகிப்போகும். டிக்கை எடுத்துவிட்டால் ஒவ்வோர் அடியையும் கண்ட இடத்தில் தனித்தனியே குறிக்கும். என் அனுபவத்தில் எழுபதுகளின் பாட்டுகளுக்கு டிக்கை எடுப்பதே நல்லது. மீதியைக் கையால் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். அதில் ஓர் அவமானமும் இல்லை; தட்டைத் தொட்டுத் தள்ளியவர்கள் செய்ததும் இதைத்தான்.

வேகம் தெரிந்தாயிற்று. இனி 120இல் இருப்பதை 126க்கு இழுக்க வேண்டும், அதாவது 5 விழுக்காடு. தட்டை வேகமாகச் சுற்றினால் சுருதியும் கூடவே ஏறும். பன்னிரண்டு சுரத்தானங்களில் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசம் 6 விழுக்காட்டுக்கு ஒரு நூல் குறைவு. ஆகவே 5 விழுக்காடு வேகம் கூட்டினால் பாடகர் ஏறக்குறைய ஒரு சுரத்தானம் உயர்ந்துவிடுவார். எஸ்.பி.பி. எஸ்.பி.பி.யாக இருக்கமாட்டார். வேகம் மாற வேண்டும், குரல் மாறக் கூடாது. முடியுமா?

முடிகிறது. அத்தாப்புக் கூரை வேய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஓலையும் முந்தையதன்மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். ஏற்றத்தைக் கூட்டினால் அதே ஓலைகளில் கூரை குட்டையாகும், குறைத்தால் நீளும், ஓலையின் அகலம் மாறாது. ஃபின்லாந்துக்காரர் ஒல்லி பார்வியாய்னன் எழுதிய ‘சவுண்ட்டச்’ நிரல் பாட்டைப் பல பத்து மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டி இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுகிறது. துண்டுக்குள் இருக்கும் அதிர்வு மாறாததால் சுருதி மாறாது. ஏற்றம் மாறுவதால் வேகம் மாறும். இரண்டு துண்டுகளின் அலைகள் எந்த இடத்தில் ஒத்துப்போகின்றன என்று தேடிப்பார்த்துத்தான் ஒட்டுகிறது, இல்லாவிட்டால் ஒவ்வோர் ஒட்டிலும் ‘டிக்’ என்று கேட்கும். ‘ரப்பர் பேண்ட்’ என்ற இன்னொரு நிரலையும் மிக்ஸில் தேர்ந்தெடுக்கலாம். அது ஒலியை அதிர்வெண்களாகவே பிரித்துப் போட்டு மறுபடி கட்டுகிறது. தரம் கூடுதல், கணினிக்கு வேலையும் கூடுதல். பழைய மடிக்கணினி மூச்சு வாங்கும். எதை எடுத்தாலும் 5, 6 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதிகம் இழுத்தால் தவில் அடி இரட்டையாகக் கேட்கும், அல்லது மழுங்கிப்போகும்.

சுருதி கண்டுபிடிக்கும் வசதியும் உண்டு. ஆனால் அது அறிந்தவை மேல்நாட்டு முறையின் 24 சுருதிக் கட்டங்கள்தான், பன்னிரண்டு மேஜர், பன்னிரண்டு மைனர். மாயாமாளவகௌளையில் அமைந்த பாட்டைக் கொடுத்தால் அதையும் இவற்றில் ஏதோ ஒன்றுக்குள் திணித்துவிடும். நம் பாட்டுகளுக்கு அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் காதை நம்பலாம்.

இனி, கணக்கெல்லாம் முடிந்து ஒலி வெளியே வருகிற வழி. பத்து பெரண்டாம்காரர்களுக்கு இதில் கொஞ்சம் உரிமை உண்டு. விமான நிலையத்தைத் தவிர இந்த ஊரை உலகத்துக்குத் தெரியவைத்தது இங்குள்ள தடையற்ற வாணிப வட்டாரம். சீமென்ஸ் 1973இல் மலாக்காவில் தொடங்கிய சில்லு உற்பத்தி இன்று இன்ஃபினியன் பெயரில் நடக்கிறது. நேஷனல் செமிகண்டக்டரின் ஆலை, 2011இல் அந்த நிறுவனத்தையே டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கிய பின் அதன் கைக்குப் போனது. ரப்பர் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இங்கே ஷிஃப்ட் பார்த்தவர்கள். எண்களை மின்னழுத்தமாக மாற்றும் சில்லு, அதைப் பெருக்கும் சில்லு என்று ஒலிப் பாதை முழுவதும் சில்லுகளால் ஆனது.

கணினி எண்களை ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை, கட்டுக் கட்டாக அனுப்புகிறது. ஒரு கட்டுக்கு 1,024 எண்கள் என்றால் 23 மில்லிவினாடி. 256 என்றால் 6க்கும் குறைவு. கட்டு பெரிதாக இருந்தால், பொத்தானை அழுத்தியதும் ஒலி தாமதித்து வரும். மிகச் சிறிதாக இருந்தால், அடுத்த கட்டைத் தயாரிக்கக் கணினிக்கு நேரம் போதாமல் ‘கிரக்’ என்று விட்டுப்போகும். கூட்டத்தின் நடுவில் அந்தக் ‘கிரக்’ கேட்டால் டிஜேயின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்! அதனால் பலரும் கொஞ்சம் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு கட்டைப் பெரிதாகவே வைப்பார்கள். ஆனால் டேவானே ஒரு தாமதத்தைச் சேர்க்கிறது. நம் ஊர்ச் சூட்டில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 348 மீட்டர் போகும். ஒலிபெருக்கிப் பெட்டி 15 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி மேடைக்கு வந்துசேர 43 மில்லிவினாடி. ஹெட்போனிலோ உடனே கேட்கும். ஒரு காதை மண்டபத்துக்கும் மறுகாதை ஹெட்போனுக்கும் கொடுத்து அடி சேர்க்கிறவர் ஏமாறுவது இங்கேதான். மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டி வைத்துக்கொள்வது பந்தாவுக்காக அல்ல.

ஹெட்போனுக்கு ஒரு பாட்டு, கூட்டத்துக்கு ஒரு பாட்டு என்றால் இரண்டு தனி ஒலி வழிகள் வேண்டும். நல்ல கன்ட்ரோலரில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். காசு இல்லாதவர்கள் மடிக்கணினியின் துளை ஒன்று, கடையில் வாங்கிய மலிவான யுஎஸ்பி ஒலியட்டை ஒன்று என்று சமாளிப்பார்கள். மிக்ஸ் இதை அனுமதிக்கிறது, ஆனால் உள்ளே ஒரு வேடிக்கை நடக்கிறது. ஒவ்வோர் ஒலியட்டையும் தன் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பை வைத்து வினாடிக்கு 44,100 எண்ணுகிறது. எந்த இரண்டு படிகமும் ஒரே மாதிரி துடிப்பதில்லை. பத்து லட்சத்துக்கு 50 என்ற வித்தியாசம் சாதாரணம். அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் இரண்டு அட்டைகளும் 0.18 வினாடி விலகிவிடும்; 120 அடிப் பாட்டில் அது அடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இதைச் சமாளிக்கவென்றே மிக்ஸில் பல அட்டைகளை ஒத்திசைக்கும் அமைப்பு வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவருக்கும் இது தெரியாது, விற்கிற கடைக்காரருக்கும் தெரியாது.

கன்ட்ரோலர் என்பது வெறும் எண் அனுப்பும் பலகை. குமிழைத் திருப்பினால், 1983இல் வந்த மிடி முறைப்படி 0 முதல் 127 வரை ஓர் எண் போகும். எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்பதை மிக்ஸ் ஒரு சாதாரணக் கோப்பில் வைத்திருக்கிறது. நுணுக்கமான வேலைகளுக்கு ஜாவாஸ்கிரிப்ட். மலாக்காவில் யாரோ கைமாற்றாக வாங்கிய, கம்பெனியே கைவிட்டுவிட்ட பழைய கன்ட்ரோலருக்கும் ஒருவர் உட்கார்ந்து எழுதினால் உயிர் வரும். எழுதியதைத் திட்டத்துக்கு அனுப்பினால் அடுத்த பதிப்பில் எல்லோருக்கும் போகும். மலிவு விலைச் சாதனங்கள் பலவற்றுக்கு ஆதரவு இப்படித்தான் வந்தது.

பாட்டுக் கிடங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்களின் கோப்புகளில் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில். ‘ழ’வுக்கு ஒருவர் இசட்-எச், இன்னொருவர் எல். கூட்டத்திலிருந்து “அண்ணே, அந்தப் பாட்டு ஒண்ணு போடுங்கண்ணே” என்று ஒரு தங்கை கேட்கும்போது தேடி எடுப்பதற்குள் ஆசை போய்விடும். மிக்ஸ் யூனிகோடு தமிழை நேராகக் காட்டும். ஓய்வாக இருக்கும் இரவுகளில் பெயர்களைத் தமிழில் மாற்றிவைத்தவர்கள் புத்திசாலிகள்.

மென்பொருளால் இன்னும் முடியாத ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே நுழையும்போது வாசலிலிருந்து உருமி மேளக் குழு அடித்துக்கொண்டு வரும். மேடைக்கு வந்ததும் மேளம் ஓய, அதே துடிப்பில் டிஜே பாட்டைப் பிடிக்க வேண்டும் என்று வீட்டார் ஆசைப்படுவார்கள். மிக்ஸ் அடி எண்ணுவது வட்டில் உள்ள கோப்புகளுக்குத்தான். மைக்கில் வரும் உயிர் மேளத்துக்கு எண்ணாது. அதற்கு இருப்பது ‘டேப்’ என்ற ஒரு பொத்தான். மேளத்தோடு சேர்ந்து டிஜே அதை விரலால் தட்டிக்கொண்டே இருக்க, தட்டல்களின் இடைவெளியைச் சராசரி எடுத்து வேகத்தைச் சொல்லும். ஐந்தாறு தட்டலில் எண் ஓரளவு நிலைக்கும், பத்துப் பன்னிரண்டில் உறுதிப்படும். ஆனால் உருமிக்காரர்கள் மணமேடை நெருங்க நெருங்க வேகத்தைக் கூட்டுவார்கள். 100இல் தொடங்கியது 116இல் போய் நிற்கும். ஆகவே கடைசி எட்டு அடியை மட்டும் கணக்கில் எடு, முன்னால் தட்டியதை மற என்பதே பாடம். குழுத் தலைவரிடம் முன்கூட்டியே, “அண்ணே, முடிக்கிறப்ப ஒரு தீர்மானம் வெச்சு முடிங்கண்ணே, நான் அதுக்கு அடுத்த அடியில பிடிச்சுக்கிறேன்” என்று சொல்லிவைக்கிறவர்களுக்கு அந்த எட்டு அடிகூடத் தேவைப்படாது.